சாமி கால்ல வெச்சுட்டு மாத்திரை குடுக்கலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் நீக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ரொம்ப நாளா பேசணும்னு நெனச்சுத் தள்ளிப்போட்டுட்டே இருந்த ஒரு விஷயம். தள்ளிப்போட்டதுக்குக் காரணம், இதுல தப்பு பண்ணது நான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை நான் அய்யனார் கோவில்ல இருந்தேன். ராஜபாளையத்துக்காரங்களுக்கு எந்த அய்யனார் கோவில்னு சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன். ராஜபாளையத்துல இருந்து முடங்கியாறு ரோட்டைப் பிடிச்சு மேற்கே போனீங்கன்னா, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ல மலை அடிவாரம் வந்துரும். வழியில மாந்தோப்பு, தென்னந்தோப்பு. காட்டாத்துப் பக்கத்துல நீர்காத்த அய்யனார் இருக்கார். சுத்தி இருக்கிற காடு 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். மழை பெய்ஞ்சா ஆத்துல திடீர்னு வெள்ளம் வரும்னு வனத்துறை யாரையும் உள்ள விடமாட்டாங்க. மத்த நாள்ல குளிக்கிறவங்க, பொங்கல் வைக்கிறவங்க, சும்மா கால் நனைச்சுட்டுப் போறவங்கன்னு கூட்டம் இருக்கும்.

நான் போனது ஒரு குடும்பம் பொங்கல் வைக்கக் கூப்பிட்டதால. அந்த வீட்டுப் பையன் எங்ககிட்ட சிகிச்சை எடுத்துக்கிட்டவன். கிளையன்ட் வீட்டு விசேஷத்துக்குப் போகலாமான்னு எனக்கே தயக்கம். என் சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். அவங்க, "அந்தம்மா உன்னை எதுக்குக் கூப்பிடுறாங்கன்னு உனக்குத் தெரியும்ல? அப்ப போயிட்டு வா"ன்னு சொன்னாங்க. அது எதுக்குன்னு சொல்றதுதான் இந்த எபிசோட். அம்மா, பையன் ரெண்டு பேரோட சம்மதத்தோட, அடையாளம் தெரியாதபடி சிலதை மாத்திச் சொல்றேன்.

நான் பண்ண தப்பு

சில வருஷத்துக்கு முன்னாடி, நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. சென்னையில ஒரு கிளினிக். இருபது வயசுப் பையனை அவங்க அம்மா கூட்டிட்டு வந்தாங்க. ஊர் ராஜபாளையம் பக்கம். பையன் இங்க காலேஜ்ல படிக்கிறான். சாப்பிடுறதை நிறுத்திட்டான். ரூம்மேட்ஸ் எதையோ கலந்து குடுக்கிறாங்கன்னு சந்தேகம். யாரும் இல்லாதப்ப குரல் கேக்குது. டாக்டர் பார்த்துட்டு மாத்திரை எழுதிக் குடுத்தார். குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ற வேலை என்னோடது.

நான் சைக்கோசிஸ்னா என்ன, மூளையில என்ன நடக்குது, மாத்திரை ஏன் முக்கியம்னு அழகா விளக்கினேன். படமெல்லாம் வரைஞ்சேன். அந்தம்மா தலையாட்டிட்டே கேட்டாங்க. கடைசில, "மேடம், எங்களுக்கு அய்யனார் கோவில்ல ஒரு நேத்திக்கடன் இருக்கு..."ன்னு ஆரம்பிச்சாங்க. நான் முடிக்க விடல. "அம்மா, இது வியாதி. கோவில், மந்திரம், தாயத்துன்னு போனீங்கன்னா டைம்தான் வேஸ்ட். இப்போதைக்கு மாத்திரையை மட்டும் நம்புங்க"ன்னு சொல்லிட்டேன். கோபமால்லாம் சொல்லல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவங்களும் "சரிங்க மேடம்"னு எழுந்து போயிட்டாங்க.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரல. போன் பண்ணா எடுக்கல. நாலு மாசம் கழிச்சு வந்தப்ப பையன் பாதியா இளைச்சுட்டான், பேச்சே குறைஞ்சிருந்துச்சு. ஒரு மாத்திரைகூடப் போடல. நான் உள்ளுக்குள்ள நெனச்சது என்ன தெரியுமா? "படிச்சுப் படிச்சு சொன்னேனே, கேட்டாங்களா?"

அந்தம்மா அழுதுட்டே சொன்னாங்க: "நான் மாத்திரை வேணாம்னு சொல்ல வரல பாப்பா. அந்த மாத்திரைய அய்யனாரு கால்ல வெச்சு வாங்கியாந்து குடுக்கலாமான்னுதான் கேக்க வந்தேன். நீங்க வைவீகளோன்னு பேசாம போயிட்டேன். அப்புறம் சாமிக்கு வைக்காம குடுக்கவும் மனசு வரல."

அவ்ளோதான் விஷயம். ஒரு பஸ் டிக்கெட், ஒரு தேங்காய், ஒரு நாள் லேட். நான் "சொல்லுங்கம்மா, என்ன நேத்திக்கடன்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அந்த நாலு மாசம் போயிருக்காது. சைக்கோசிஸ்ல சிகிச்சை எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்குதோ அவ்ளோ நல்லதுன்னு அவங்களுக்குப் பாடம் எடுத்ததே நான்தான்.

ஆனா என் பயமும் பொய் இல்ல

இப்ப நீங்க கேக்கலாம், கோவில், தர்கான்னு போனவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியாதான்னு. தெரியும். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவுக்குப் பக்கத்துல, தனியார் நடத்துன ஒரு மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சுது. உள்ள இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்க சங்கிலியால கட்டப்பட்டிருந்தாங்க. ஓட முடியல. 28 பேர் செத்துப்போனாங்க.

மனநலத் துறையில இருக்கிற யாருக்கும் ஏர்வாடிங்கிற பேர் அந்தத் தீயோடதான் ஞாபகம் வரும். அதுக்கப்புறம் உச்ச நீதிமன்றம் தலையிட்டுது. இந்த மாதிரி அனுமதி இல்லாத காப்பகங்களை மூடினாங்க. பின்னாடி வந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆவது பிரிவுல, எந்த வடிவத்துலயும் யாரையும் சங்கிலியால கட்டக் கூடாதுன்னு நேராவே சொல்லுது. 2018 மே 29ல இருந்து அந்தச் சட்டம் நடைமுறையில இருக்கு. அதனால, "அது எங்க நம்பிக்கை"ன்னு சொல்லி யாராவது கட்டிப்போட்டா, அடிச்சா, பட்டினி போட்டா, அதைப் பண்பாடுன்னு நாம மதிக்க வேண்டியதில்ல.

ஆனா ஒண்ணு கவனிங்க. ஏர்வாடியில கொன்னது பிரார்த்தனை இல்ல. சங்கிலியும், கண்காணிப்பு இல்லாத கொட்டகையும், வேற போக்கிடம் இல்லாததும்தான். நான் அந்தம்மாகிட்ட பேசினப்ப இது ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிட்டேன்.

ஏர்வாடியிலேயே பிற்பாடு என்ன நடந்துச்சுன்னா, அரசு மனநலத் திட்டம் தர்காவோட சேர்ந்து வேலை பார்க்க ஆரம்பிச்சுது. 'தவா – துவா'ன்னு பேர். தவான்னா மருந்து, துவான்னா பிரார்த்தனை. துவாவுக்கு வர்றவங்க அங்கேயே டாக்டரையும் பார்த்துட்டுப் போகலாம். இந்த யோசனைக்கு முன்னோடி குஜராத்துல, உனாவாங்கிற ஊர்ல இருக்கிற மீரா தாதார் தர்கா. நம்ம திருச்சி மாவட்டம் குணசீலத்துலயும் பெருமாள் கோவிலோட சேர்ந்து ஒரு மனநல மறுவாழ்வு மையம் இருக்கு. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடுறது அங்க ரொம்ப காலமா இருக்கிற வழக்கம். இப்போ மனநல மருத்துவரும் வந்து பார்க்குறார்.

இன்னொரு ஆய்வும் சொல்லணும். வேலாயுதம்பாளையம்புதூர்னு தமிழ்நாட்டுல ஒரு ஊர். அங்க முத்துசாமி கோவில். மனநலம் சரியில்லாதவங்களைக் கூட்டிட்டு வந்து தங்கவைப்பாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல இருந்த ஆர். ரகுராமும் அவர் குழுவும் 2000ல அங்க வந்து தங்குன 31 பேரை ஆராய்ஞ்சாங்க. பெரும்பாலும் ஸ்கிசோஃப்ரீனியா மாதிரி தீவிரமான பிரச்சினை உள்ளவங்க. கோவில்ல பெருசா சிகிச்சைன்னு ஒண்ணும் கிடையாது. கூட வீட்டாள் ஒருத்தர் இருப்பாங்க. கூட்டுறது, செடிக்குத் தண்ணி ஊத்துறது மாதிரி சின்னச் சின்ன வேலை. காசு வாங்குறதில்ல. சராசரியா ஆறு வாரம் தங்கிட்டுப் போறப்ப, நோய்க்குறிகளை அளக்குற அளவுகோல்ல கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. 2002ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்த கட்டுரை இது.

இதை வாட்ஸப்ல "பாத்தீங்களா, மருந்தே வேணாம்"னு ஃபார்வர்ட் பண்ணிராதீங்க. 31 பேர்தான். ஒப்பிட்டுப் பார்க்க வேற குழு கிடையாது. அதுக்கப்புறம் அவங்க எப்படி இருந்தாங்கன்னு அந்தக் கட்டுரை நமக்குச் சொல்லல. நான் இதுல எடுத்துக்கிறது வேற. யாரும் விரட்டாத இடம், கூட ஒரு சொந்தம், கையில ஒரு வேலை, அவமானம் இல்ல. இதெல்லாம் எங்க கிளினிக்ல கிடைக்குதா? ஏசி ரூம் இருக்கு, இருபது நிமிஷம் இருக்கு. மத்தது?

"மனச்சோர்வு இருக்கா?" "இல்லங்க, நெஞ்சு அடைக்குது"

பண்பாட்டுப் புரிதல்னு சொன்னதும் எல்லாரும் கோவில், சாமி, பேய்னு யோசிக்கிறாங்க. அதைவிடப் பெரிய இடைவெளி சொற்கள்ல இருக்கு.

எங்ககிட்ட இருக்கிற கேள்வித்தாள்ல பெரும்பாலானது இங்கிலீஷ்ல எழுதித் தமிழாக்கினது. "மனச்சோர்வாக உணர்கிறீர்களா?"ன்னு இருக்கும். இந்த வார்த்தையை உங்க பாட்டி எப்பவாவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அவங்க என்ன சொல்வாங்க? "நெஞ்சு அடைக்குது." "வயித்தக் கலக்குது." "உடம்பெல்லாம் தீயா எரியுது." "மனசு ஒரு நெலையில நிக்கல." "என்னமோ மாதிரி இருக்கு." இந்தக் கடைசி வாக்கியம் இருக்கே, அதை எந்த ஃபார்ம்லயும் டிக் அடிக்க முடியாது.

விளைவு என்னன்னா, நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னவங்களுக்கு ஈசிஜி எடுப்பாங்க. நார்மல். வயிறுன்னா ஸ்கேன். நார்மல். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா"ன்னு அனுப்பிருவாங்க. அவங்களுக்கு ஒண்ணுமில்லாம இல்ல. ரெண்டு வருஷமா தூக்கமில்ல. ஈசிஜி எடுக்க வேண்டியதுதான், உடம்பைப் பார்க்காம விடக் கூடாது. ஆனா அது நார்மல்னு வந்தப்புறம், "எப்ப இருந்து அடைக்குது? அப்ப வீட்டுல என்ன நடந்துச்சு?"ன்னு யாராவது கேக்கணும்ல?

2015–16ல நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்புல, மனநலப் பிரச்சினை இருக்கிறவங்கள்ல 80 சதவீதத்துக்கும் மேலானவங்களுக்கு சிகிச்சை போய்ச் சேரலைன்னு தெரிஞ்சுது. டாக்டர் பத்தாது, காசு இல்ல, வெட்கம், இதெல்லாம் காரணம்தான். கஷ்டத்தை ஒரு மொழியில சொல்றாங்க, நாம வேற மொழியில தேடுறோம்ங்கிறதையும் அந்தப் பட்டியல்ல சேர்க்கணும்னு எனக்குத் தோணுது.

மொழின்னு நேராவே எடுத்துக்கிட்டாலும், ராஜபாளையத்தையே பாருங்க. தெருவுல தமிழ், பல வீட்டுல தெலுங்கு. ஒருத்தர் எந்த மொழியில அழுவார்ங்கிறது ஆதார் கார்டைப் பார்த்தா தெரியாது. நான் இப்ப முதல் செஷன்லயே கேட்டுருவேன்: "வீட்டுல என்ன பேசுவீங்க? கோபம் வந்தா எந்த மொழியில திட்டுவீங்க?" சிரிப்பாங்க. ஆனா அதுல இருந்து பேச்சு மாறிரும்.

சென்னையில கேட்ட குரல்கள்

அந்தப் பையனுக்குக் குரல் கேட்டுச்சுன்னு சொன்னேன்ல. அதைப் பத்தி ஒரு ஆய்வு இருக்கு, நம்ம சென்னை சம்பந்தப்பட்டது. தான்யா லூர்மன்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர். சென்னையில இருக்கிற ஸ்கார்ஃப் நிறுவன மருத்துவர்களும் அவரோட சேர்ந்தாங்க. ஸ்கார்ஃபை 1984ல ஆரம்பிச்சவர் டாக்டர் எம். சாரதா மேனன், இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர். இந்தக் குழு அமெரிக்காவுல கலிஃபோர்னியா, கானாவுல அக்ரா, இங்க சென்னை, மூணு இடத்துலயும் குரல் கேக்குற 20, 20 பேர்கிட்ட, அந்தக் குரல் எப்படிப்பட்டதுன்னு கேட்டாங்க.

அமெரிக்கர்கள்ல பலர் அதை வன்முறையான, தங்களைத் தாக்க வர்ற ஒண்ணாச் சொன்னாங்க. "எனக்கு இந்த நோய்"னு நோயோட பேரையும் சேர்த்தே சொன்னாங்க. அக்ராவுல பலர் கடவுளோட குரல்னு சொன்னாங்க. சென்னையில? பாதிக்கும் மேலானவங்க சொந்தக்காரங்க குரல்னு சொன்னாங்க. குளி, சாப்பிடு, வீட்டைச் சுத்தம் பண்ணுன்னு சொல்ற குரல். திட்டவும் செய்யும், பெரியவங்க திட்டுற மாதிரி.

எனக்கு இதைப் படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு. நம்ம ஊர்ல நோய்கூட "சாப்டியா?"ன்னு கேக்குது. ஆனா உடனே இன்னொண்ணும் தோணுச்சு. சென்னையிலயும் மோசமான குரல் கேட்டு வதைபடுறவங்க இருக்காங்க, அதுவும் அந்த ஆய்வுல இருக்கு. அதனால "நம்ம பண்பாடு சூப்பர், அவங்களோடது மோசம்"னு முடிக்கிறதுக்கு இது இல்ல. "உனக்குக் குரல் கேக்குதா, ஆமா, இல்ல"ன்னு டிக் அடிச்சுட்டுப் போகாம, "யார் குரல்? என்ன சொல்லுது? நீ பதில் சொல்வியா?"ன்னு கேட்டா, அந்த மனுஷனைப் பத்தி ரொம்பத் தெரியவரும். அந்தப் பையனுக்குக் கேட்டது அவன் தாத்தா குரல். அதை நான் தெரிஞ்சுக்கிட்டது எட்டாவது மாசத்துல.

பேசாம இருக்கிறது நோயா?

மறுபடியும் அய்யனார் கோவிலுக்கு வர்றேன். பொங்கல் பொங்குறதுக்கு நேரம் இருந்துச்சு. அந்தப் பக்கம் பளியர் குடியிருப்பு ஒண்ணு இருக்கு. தேன், கிழங்கு, காட்டுப் பொருள் சேகரிச்சு வாழ்ந்துட்டு வந்த பழங்குடி மக்கள். வயசான ஒருத்தர் நிழல்ல உக்காந்திருந்தார். நான் வழக்கம்போல, "ஐயா நல்லா இருக்கீங்களா, எந்தப் பக்கம், எத்தனை வருஷமா இங்க"ன்னு மூணு கேள்வி அடுக்கினேன். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். "ம்"னார். அப்புறம் ஆத்தைப் பார்த்தார். அவ்ளோதான்.

என் மூளை உடனே என்ன சொல்லுச்சு தெரியுமா? "பேச்சு குறைவு. முகபாவம் குறைவு. ஒதுங்கி இருக்கார். டிப்ரஷனா?" ஆளைப் பார்த்து ஒரு நிமிஷம்கூட ஆகல.

ஊருக்கு வந்து படிச்சேன். பீட்டர் கார்ட்னர்னு ஒரு மானுடவியலாளர், 1960களோட தொடக்கத்துல பளியர் மக்களோட வாழ்ந்து ஆய்வு பண்ணவர். 1966ல அவர் எழுதுனது உலகம் முழுக்க மொழியியல் வகுப்புகள்ல இன்னைக்கும் பேசப்படுது. பளியர்கள் எப்பவுமே குறைவாத்தான் பேசுவாங்க, நாப்பது வயசாகுறப்ப கிட்டத்தட்ட மௌனமாவே ஆயிருவாங்க, வளவளன்னு பேசுறவங்களைத்தான் அவங்க இயல்பில்லாதவங்களாப் பார்ப்பாங்கன்னு அவர் எழுதியிருக்கார். அடுத்தவங்க மேல அதிகாரம் பண்றது, போட்டி போடுறது, இதெல்லாம் அவங்களுக்குப் பிடிக்காது. சண்டை வர்ற மாதிரி இருந்தா ஒருத்தர் எழுந்து போயிருவார்.

அதாவது, அன்னைக்கு அந்த மரத்தடியில யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருந்துச்சுன்னா, அது மூணு கேள்வியை மூச்சு விடாம கேட்ட எனக்குத்தான்.

இதுலயும் ஒரு ஜாக்கிரதை வேணும். அது அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெளிநாட்டுக்காரர் பார்த்தது. அதுக்கப்புறம் ரோடு வந்துருச்சு, பள்ளிக்கூடம் வந்துருச்சு, போன் வந்துருச்சு. பளியர் வீட்டுப் பிள்ளை ஒருத்தன் உங்க கிளாஸ்லயே வாயாடியா இருக்கலாம். "பளியரா? அப்ப பேச மாட்டாங்க"ன்னு முடிவு பண்ணா அதுவும் கண்ணை மூடிக்கிறதுதான். அமைதியா இருக்கிற பளியர் ஒருத்தருக்கு உண்மையாவே டிப்ரஷன் இருக்கவும் செய்யலாம். அதை யார்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும்? அவர் வீட்டாள்கிட்ட. "இவர் எப்பவுமே இப்படித்தானா, இப்பதான் இப்படியா?" இந்த ஒரு கேள்வி எந்தப் பாடப் புத்தகத்தை விடவும் அதிகம் சொல்லும்.

பேச்சு வழியா குணமாக்குறதுதான் எங்க தொழில். பேசாம இருக்கிறதை மரியாதைன்னு நெனக்கிற ஒருத்தருக்கு என் நாற்காலி, என் கேள்வி, என் டிஷ்யூ பாக்ஸ், இதெல்லாம் எப்படி இருக்கும்? நான் அதுவரைக்கும் யோசிச்சதே இல்ல.

தெரியாதுன்னு சொல்றது

இந்தத் துறையில முதல்ல 'பண்பாட்டுத் திறன்'னு ஒரு வார்த்தைதான் இருந்துச்சு. ஒவ்வொரு சமூகத்தைப் பத்தியும் படிச்சு, தேர்ச்சி ஆயிரணும்ங்கிற மாதிரி. 1998ல டெர்வலோன், மரே-கார்சியான்னு ரெண்டு அமெரிக்க மருத்துவர்கள், அது போதாது, வேண்டியது பணிவுன்னு எழுதினாங்க. அதாவது, எனக்கு உங்களைப் பத்தித் தெரியாது, நீங்கதான் சொல்லித் தரணும்னு கடைசி வரைக்கும் ஒத்துக்கிறது.

இதுக்கு நம்ம ஊர்ல ஒரு அருமையான உதாரணம் இருக்கு. 2021ல மதுரையைச் சேர்ந்த ரெண்டு பெண்கள், சேர்ந்து வாழ்றதுக்குப் பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தாங்க. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி, தன்பால் உறவு பத்தித் தனக்கு முழுசாப் புரிதல் இல்லைன்னு வெளிப்படையா சொன்னார். ஒரு உளவியலாளர்கிட்ட நேரம் கேட்டு, உக்காந்து, கத்துக்கிட்டு வந்தார். அப்புறம் ஜூன் மாசம் வந்த உத்தரவுல, பாலின ஈர்ப்பை 'மாத்துறேன்'னு பண்ற சிகிச்சைகளைத் தடை பண்ணச் சொன்னார். ஒரு நீதிபதியால "எனக்குத் தெரியல"ன்னு சொல்ல முடியுது. இருபத்தஞ்சு வயசுல எனக்கு அது வாயில வரல.

சட்டமும் நம்ம பக்கம்தான் இருக்கு. அதே 2017 சட்டத்தோட 18ஆவது பிரிவு, மனநல சிகிச்சை ஒரு உரிமைன்னு சொல்லுது. பாலினம், பாலின ஈர்ப்பு, மதம், பண்பாடு, சாதி, வர்க்கம், ஊனம் எதை வெச்சும் பாகுபாடு காட்டக் கூடாதுன்னு பட்டியல் போட்டே சொல்லுது. சாதிங்கிற வார்த்தை அதுல இருக்கிறதை நான் அழுத்திச் சொல்றேன். ஹாஸ்டல்ல நடந்த அவமானத்தைச் சொல்ல வர்ற பொண்ணுகிட்ட, "நீ ரொம்ப சென்சிடிவ், எண்ணத்தை மாத்திப் பார்"னு தெரபிஸ்ட் சொன்னா, அது சிகிச்சை இல்ல. எண்ணம் தப்பா இருந்தாத்தானே மாத்தணும்? நடந்தது நிஜம்னா?

நீங்க என்ன பண்ணலாம்?

இதைக் கேக்குறவங்கள்ல பல பேர் தெரபிக்குப் போறவங்க, இல்ல போகலாமான்னு யோசிக்கிறவங்க. முதல் செஷன் உங்களுக்கும் இன்டர்வியூதான்னு நெனச்சுக்கங்க. "என் வீட்டுச் சூழல்ல தனியாப் போய் வாழ முடியாது, இதை வெச்சுக்கிட்டு எப்படி உதவுவீங்க?"ன்னு கேளுங்க. இன்ஸ்டாகிராம்ல வர்ற மாதிரி "பவுண்டரி போடு, டாக்ஸிக்னா கட் பண்ணு"ன்னு மட்டும் சொன்னா, ரெண்டு ரூம் வீட்டுல ஆறு பேரா இருக்கிறவங்களுக்கு அது எதுக்கு ஆகும்? உங்க சாதி, மதம், ஈர்ப்பு, மொழி பத்திப் பேசுறப்ப அவங்க முகம் மாறுதான்னு பாருங்க. சரிப்படலைன்னா வேற ஆளைப் பார்க்கலாம், தப்பே இல்ல.

வீட்டுல ஒருத்தருக்கு முடியலைன்னா, நீங்கதான் படிச்ச பிள்ளை, கூகுள் பண்ணி விளக்கம் சொல்லப் போவீங்க. நான் பண்ண அதே தப்பு. அதுக்கு முன்னாடி சில கேள்வி கேளுங்க. ஆர்தர் கிளைன்மன்னு ஒரு மனநல மருத்துவர் 1970கள்லயே இந்த மாதிரிக் கேள்விகளை டாக்டர்களுக்குச் சொல்லிக் குடுத்தார். நம்ம வீட்டுப் பாஷையில சொன்னா இப்படித்தான் வரும்: "உனக்கு என்ன பண்ணுது? இது எதனால வந்துச்சுன்னு நெனக்கிற? எப்ப இருந்து? இதுல உனக்கு ரொம்பப் பயமா இருக்கிறது எது? என்ன பண்ணா சரியாகும்னு தோணுது?" பதில் செய்வினைன்னு வந்தாலும் குறுக்க பேசாதீங்க. முழுசாக் கேளுங்க. அப்புறம், "சரி, கோவிலுக்கும் போவோம், டாக்டரையும் பார்ப்போம்"னு சொல்லிப் பாருங்க. நான் பார்த்த வரைக்கும் பெரும்பாலானவங்க இதுக்கு முடியாதுன்னு சொல்றதில்ல.

விட்டுக்குடுக்கக் கூடாத இடமும் இருக்கு. கட்டிப்போடுறது, அடிக்கிறது, பட்டினி போடுறது, நல்லாப் போயிட்டிருக்கிற மாத்திரையை நிறுத்தச் சொல்றது, ஈர்ப்பை மாத்துறேன்னு சொல்றது. இதுல எதுவா இருந்தாலும் இல்லைன்னு சொல்லிருங்க. சாகணும்னு பேசுறாங்க, நாள்கணக்கா சாப்பிடல, தூங்கலைன்னா நேத்திக்கடன் அப்புறம், ஆஸ்பத்திரி முதல்ல. அய்யனார் காத்திருப்பார்.

கடைசியா

அந்தம்மா ரெண்டாவது தடவை வந்தப்ப, டாக்டர்கிட்ட பேசிட்டு நான் சொன்னேன்: "அம்மா, அவன் இப்ப இருக்கிற நெலமையில ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. இன்னைக்கு ராத்திரியே முதல் மாத்திரை போடணும். மிச்ச அட்டையை நீங்க கொண்டுபோய் சாமிகிட்ட வெச்சு வாங்கிட்டு வாங்க." அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம் முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்த விபூதியை எடுத்தாங்க. அய்யனார் கோவில் விபூதி. மாத்திரை அட்டை மேல ஒரு கீத்து பூசினாங்க. "இப்ப குடுக்கலாம் பாப்பா"ன்னாங்க.

பையன் சரியாக நாள் ஆச்சு. நடுவுல ஒரு தடவை மறுபடியும் முடியாமப் போச்சு, மருந்து மாத்த வேண்டியிருந்துச்சு. இப்ப ஊர்லயே ஒரு மில்லு ஆபீஸ்ல வேலை பார்க்குறான். மாத்திரை இன்னும் இருக்கு. தாத்தா எப்பவாவது வருவார்னு சொல்றான், முன்ன மாதிரி தொந்தரவு இல்லையாம்.

அன்னைக்குப் பொங்கல் வெச்சு முடிச்சு, இலையில போட்டப்ப, அந்தம்மா என் இலைக்குத்தான் முதல்ல பரிமாறினாங்க. அந்த நாலு மாசத்துக்காக நான் அவங்ககிட்ட அன்னைக்குத்தான் சரியா மன்னிப்புக் கேட்டேன். "அட, சாப்பிடு பாப்பா, ஆறிரும்"னாங்க. அவங்க மன்னிச்சாங்களா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. நானும் திரும்பக் கேக்கல.

உங்களுக்கோ, உங்க கூட இருக்கிறவங்களுக்கோ உதவி தேவைப்பட்டா, மத்திய அரசோட டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். உங்க வீட்டுல கஷ்டத்தை எந்த வார்த்தையில சொல்வாங்கன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. "என்னமோ மாதிரி இருக்கு" மாதிரி. நல்ல சேகரிப்பா வந்தா அதை வெச்சே ஒரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.